கிணறுகளை எண்ணுவது யார் வேலை?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக திண்டுக்கல் போயிருந்தேன். ஊருக்கு வெளியே மண்டபம். பிரியாணிக்கு அந்த ஊரில் என்ன குறை? பந்தியில் இலைக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்தார்கள். சாப்பிட்டு முடித்து, பின்பக்கம் குழாயில் கை கழுவி வாய் கொப்பளித்தேன். கரித்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்தார். “அது போர் தண்ணி தம்பி. கை கழுவ மட்டுந்தான். வாயில வைக்காதீங்க.”

அவர் சிரித்ததுதான் எனக்கு உறுத்தியது. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோல தண்ணீர் கரிப்பதும் அந்த ஊரில் ஒரு தட்பவெப்பநிலை ஆகிவிட்டது.

அங்கேயே ஓர் இளைஞர் என்னைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குச் சொந்தம். சிவில் முடித்துவிட்டு, சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. செய்திருக்கிறார். “சார், கவர்மென்ட்டு இப்ப சுற்றுச்சூழலுக்கு ரொம்ப முன்னுரிமை குடுக்குதுன்னு பேப்பர்ல போடுறீங்களே... எங்களை மாதிரி இன்ஜினீயருங்களுக்கு அதனால என்ன சார்?”

நான் பி.காம். படித்தவன். வேதியியல் சமன்பாட்டைக் காட்டினால் விழிப்பேன். அந்தத் தம்பியிடம் அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு பஸ் ஏறினேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. யோசித்தால், இது கெமிஸ்ட்ரி கேள்வியே இல்லை. யார் எண்ணுகிறார்கள், யார் சம்பளம் தருகிறார்கள், யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்ற கேள்வி. அது என் பாடம். அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் ஒரு பழைய கணக்கு.

1996 ஆகஸ்ட் 28. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் ஒரு தீர்ப்பு சொன்னது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த தோல் தொழிற்சாலை வழக்கு. மாசுபடுத்துகிறவனே அதற்கான செலவைக் கட்ட வேண்டும், ஆபத்து நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம் நடத்துகிறார்கள்.

பேர்தான் வேலூர் வழக்கு. உள்ளே திண்டுக்கல்லும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊராட்சி ஒன்றியங்களில் 13 கிராமங்கள். குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகள் மொத்தம் 467. அதில் 350 கெட்டுப்போய்விட்டன. நாலு கிணற்றில் மூன்று!

இந்தக் கணக்கை எடுத்தது யார் தெரியுமா? மாசு கட்டுப்பாட்டு வாரியம் இல்லை. பொதுப்பணித் துறை இல்லை. ஒரு தொண்டு நிறுவனம். கிராமம் கிராமமாகப் போய் கிணறுகளை எண்ணியது அவர்கள்தான். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982-லேயே பிறந்துவிட்டது. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் அதற்கும் முன்பே, 1974-ல் வந்துவிட்டது. ஆனால் நாட்டின் உச்ச நீதிமன்றம் திண்டுக்கல் கிணறுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் நோட்டுப் புத்தகத்தை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

அரசாங்கம் எதை எண்ணுகிறதோ அதுதான் அதன் முன்னுரிமை. மேடையில் என்ன பேசுகிறார்கள் என்பதைப் பார்க்காதீர்கள். எதை எண்ணி ரெஜிஸ்டரில் ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள்.

*

இப்போது எதையெல்லாம் எண்ணுகிறார்கள்?

மரக்கன்றுகளை எண்ணுகிறார்கள். பசுமைத் தமிழகம் இயக்கத்தின் இலக்கு, பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது. மஞ்சப்பைகளை எண்ணுகிறார்கள். தேவாங்கை எண்ணுகிறார்கள். திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று இந்தியாவிலேயே முதல் சரணாலயம்.

சந்தோஷம். கிண்டல் இல்லை, மனதாரச் சொல்கிறேன். தேவாங்கு வாழட்டும். மஞ்சப்பை வளரட்டும். ஆனால் இந்தப் பட்டியலில் ஓர் ஒற்றுமையைக் கவனித்தீர்களா? எதிலும் எதிராளி கிடையாது. மரம் நட்டால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள். தேவாங்குக்கு இடம் ஒதுக்கினால் எந்த முதலாளியும் அமைச்சருக்கு போன் போடமாட்டார்.

மலையில் தேவாங்கு. சமவெளியில் குடகனாறு. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் பிறந்து, ஆத்தூர் காமராஜர் அணையைத் தொட்டு, திண்டுக்கல் சமவெளியைக் கடந்து, வேடசந்தூர் வழியாகப் போய் அமராவதியில் சேருகிற ஆறு. அதன் மேல்படுகையில் சுமார் 80 தோல் ஷாப்புகள் இருப்பதாக ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2000-களில் எழுதினார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் கணித்துச் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. கழிவைப் பாதியாகக் குறைத்தால்கூட, 20 வருஷம் கழித்தும் நிலத்தடி நீரில் உள்ள உப்பு பாதிக்குக் கீழே இறங்காது.

எங்கள் கணக்கியல் பாஷையில் சொன்னால் இது கடன். அசலைக் கட்ட ஆரம்பித்தாலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் கடன். அது எந்தத் தோல் ஷாப்பின் பேலன்ஸ் ஷீட்டிலும் இல்லை. அரசாங்கத்தின் பட்ஜெட்டிலும் இல்லை. பாட்டில் தண்ணீர் வாங்கும் குடும்பத்தின் மளிகைச் சீட்டில் இருக்கிறது.

*

சரி, இன்ஜினீயருக்கு வருவோம். சுற்றுச்சூழல் படித்த இன்ஜினீயருக்கு இந்த நாட்டில் மூன்று நாற்காலிகள் இருக்கின்றன.

முதல் நாற்காலி, சுத்திகரிப்பு நிலையத்தில். தோல் எப்படி வருகிறது? அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வருகிறது. ஊற வைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்குகிறது. பிறகு சுண்ணாம்பு, குரோமியம், இன்னும் என்னென்னவோ. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் என்று 1996 தீர்ப்பிலேயே குறிப்பு உண்டு. மத்திய, மாநில அரசுகள் மானியம் கொடுத்து பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட வைத்தன. அங்கே குரோமியத்தைப் படிய வைக்கலாம். அழுக்கை நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கொடுக்கலாம். ஆனால் உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. அதற்குத் தனியாக ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. துப்பும் கழிவைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். கடைசியில் யாருக்கும் வேண்டாத ஓர் உப்புக் குவியல் மிஞ்சும்.

நல்ல இன்ஜினீயர் என்ன சொல்வார்? “உப்பை வாசலிலேயே நிறுத்துங்கள். தோலைத் தண்ணீரில் போடுவதற்கு முன்பே உதறி எடுங்கள். உப்பில்லாமல் பதப்படுத்தும் வழிகளுக்குச் செலவு செய்யுங்கள்” என்பார். ஆனால் தோலை உதறுவதற்கு ரிப்பன் வெட்ட முடியாதே! ஆகவே கட்டடம், டேங்க், பம்ப், திறப்பு விழா. மிஞ்சிய கசடு எங்கே போகிறது? 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கி வைத்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கசடு பாய்ந்து 10 பேர் செத்துப்போனார்கள்.

இரண்டாவது நாற்காலி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில். உதவிப் பொறியாளர், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் என்று போர்டு மாட்டிய நாற்காலி. நாடு முழுக்க மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறக்குறைய பாதி காலி என்று மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியமே 2024 வாக்கில் கணக்குக் கொடுத்திருக்கிறது. வங்கியில் பாதி கேஷியர் இல்லை என்றால் நீங்கள் பணம் போடுவீர்களா? கிணறுகளை மட்டும் இந்தப் பாதி காலி நாற்காலிகளை நம்பி விட்டிருக்கிறோம்.

உட்கார்ந்திருக்கிற மீதிப் பேரும் என்ன செய்கிறார்கள்? இசைவாணை ஃபைல் பார்க்கிறார்கள். எத்தனை நாளில் அனுமதி கொடுத்தாய் என்று மேலிடம் கேட்கிறது. எத்தனை கிணற்றில் சேம்பிள் எடுத்தாய் என்று அதே வேகத்தில் கேட்பதில்லை. மனிதன் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் செய்வான். அவன் எம்.இ. படித்திருந்தாலும் சரி.

மூன்றாவது நாற்காலிதான் இப்போது புதிதாகப் பெயின்ட் அடித்து வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளை வெளியிட்டது. வாரியங்களில் ஆள், வசதி பற்றாக்குறை என்று அரசே ஒப்புக்கொண்டு, பதிவு பெற்ற தனியார் தணிக்கையாளர்களைக் கொண்டுவருகிறது. தணிக்கை! ஆஹா, இது நம்ம ஏரியா.

*

கம்பெனி சட்டம் படித்த யாருக்கும் தெரியும், ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பது ஆடிட் செய்யப்படுகிற கம்பெனி. அதில் என்ன நடக்கும் என்பதை 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விஷயத்தில் உலகமே பார்த்தது. இல்லாத பணத்தைக் கணக்கில் காட்டியிருந்தார்கள். ஆடிட்டரின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

சுற்றுச்சூழலில் இது எப்படி இருக்கும்? குஜராத்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அங்கே முன்பிருந்தே தொழிற்சாலைகள் தாங்களே ஒரு தணிக்கையாளரை வைத்து, அவருக்குக் காசு கொடுத்து, மாசு அளவு அறிக்கை வாங்கி அரசிடம் கொடுக்கும் ஏற்பாடு. 2009 முதல் 2011 வரை, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டூஃப்லோவும் மற்றும் மூன்று பொருளாதார நிபுணர்களும் அந்த மாநில வாரியத்தோடு சேர்ந்து 473 தொழிற்சாலைகளில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு பகுதித் தொழிற்சாலைகளுக்குப் பழைய முறை. மறு பகுதிக்கு, யார் தணிக்கை செய்வது என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். சம்பளம் பொது நிதியிலிருந்து. கூடவே, தணிக்கையாளர் எடுத்த அளவை இன்னொருவர் திடீரென்று போய்ச் சரிபார்ப்பார்.

பழைய முறையில் அறிக்கைகள் எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குச் சற்றே கீழே வந்து அழகாக நின்றன. புதிய முறையில் பொய் சொல்வது சுமார் 80 சதவீதம் குறைந்தது. அதைவிட முக்கியம், தொழிற்சாலைகள் வெளியேற்றும் மாசும் குறைந்தது.

கவனியுங்கள். இரண்டு பக்கமும் அதே மாதிரி இன்ஜினீயர்கள்தான். அதே கல்லூரி, அதே கருவி. மாறியது, பணம் வந்த கை. நேர்மையை ஒழுக்க வகுப்பு நடத்தி வளர்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும்.

புதிய விதிகளில் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கலாம் என்ற யோசனை சேர்ந்திருக்கிறது. நல்லது. ஆனால் குஜராத் மருந்தில் மூன்று சரக்கு இருந்தது. குலுக்கல், பொது நிதிச் சம்பளம், திடீர் மறுசோதனை. இதில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று நாளைக்குப் புலம்பக் கூடாது.

*

இன்னொரு பக்கம், தண்டனை என்ன ஆகிறது பாருங்கள். 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து, காற்று மாசுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பல குற்றங்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதம் வைத்தது. 2024-ல் தண்ணீர்ச் சட்டத்திலும் அதே திருத்தம். (முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு. மற்ற மாநிலங்கள் தீர்மானம் போட்டுச் சேரலாம்.) அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை.

இந்த 10,000-ஐ எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தேடினேன். 1996 தீர்ப்பு! வேலூர், திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, செங்கை மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் சுப்ரீம் கோர்ட் அன்று போட்ட மாசு அபராதம் 10,000 ரூபாய். 28 வருஷம் கழித்து வந்த சட்டத்தின் குறைந்தபட்ச அபராதமும் அதே 10,000. அன்றைக்கு அந்தப் பணத்துக்கு இரண்டு பவுன் வாங்கலாம். இன்றைக்குக் கால் பவுனுக்குக்கூடக் காணாது. விலைவாசி தொடாத பொருள் இந்தியாவில் ஒன்றே ஒன்றுதான் போலிருக்கிறது. தண்ணீரைக் கெடுப்பதற்கான கட்டணம்.

அபராதத்தை முடிவு செய்யப்போவதும் கோர்ட் இல்லை, அரசு நியமிக்கும் அதிகாரி. அவர் எதை வைத்து 10,000 அல்லது 15 லட்சம் என்று சொல்வார்? இன்ஜினீயர் எழுதிக் கொடுக்கும் எண்ணை வைத்துத்தான். இன்னொன்று, 2025 ஆகஸ்ட் 4 அன்று சுப்ரீம் கோர்ட், மாசு கட்டுப்பாட்டு வாரியங்களே சுற்றுச்சூழல் சேதத்துக்கு ஈடு வசூலிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சேதத்தை யார் அளப்பது? மறுபடியும் இன்ஜினீயர்.

ஆக, தம்பி கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது. ஜெயில் போய்விட்டது. கோர்ட் தள்ளிப்போய்விட்டது. இனி குடகனாற்றுக்கும் தோல் ஷாப்புக்கும் நடுவில் நிற்பது ஓர் இன்ஜினீயரின் கையெழுத்து மட்டும்தான். அந்தக் கையெழுத்துக்கு என்ன பாதுகாப்பு? கறாராக எழுதினால் அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாமல் எழுதுகிற கை எப்படி நடுங்காமல் இருக்கும்?

*

“அப்போ தோல் ஷாப்பை மூடிடலாம்கிறியா? அதை நம்பி இருக்கிற ஜனம் எங்கய்யா போகும்?” என்று ஒரு வாசகர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. சுண்ணாம்புக் குழியில் நின்றே வாழ்க்கை கழிந்த திண்டுக்கல் தொழிலாளிகளின் கதையைத்தான் டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலாக எழுதினார். 2012-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. அந்த உழைப்பாளியின் சோற்றில் மண் போட எனக்கு ஆசையில்லை.

ஆனால் ஒரு விஷயம். நம் தோலை வாங்குகிற ஐரோப்பியன் என்ன செய்கிறான் தெரியுமா? உடம்பில் படும் தோல் பொருளில் ஆறாம் நிலைக் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குப் போகக் கூடாது என்று 2015 மே முதல் சட்டம் வைத்திருக்கிறான். நம் ஆட்கள் அதைக் கடைப்பிடிக்கிறார்களா? ஏற்றுமதி செய்கிறவர்கள் கடைப்பிடித்தே ஆக வேண்டும். பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் கன்டெய்னர் நகராது. அதனால் எந்தத் தோல் ஷாப்பும் மூடப்படவில்லை.

அதாவது, அளக்கத் தெரியும். குறைக்கவும் தெரியும். ஐரோப்பாவில் ஷூ போடும் காலுக்காக அளக்கிறோம். அந்தத் தோல் ஊறிய தண்ணீரை எடுத்துக் குடித்தவளின் வயிற்றுக்காக அளப்பதில்லை. ‘தொழிலா, தண்ணீரா?’ என்று கேட்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

*

எனக்குத் தெரிந்த நாலு யோசனைகளைச் சொல்கிறேன். இன்ஜினீயர்கள் திருத்தட்டும்.

ஒன்று. அந்த 13 கிராமங்களின் 467 கிணறுகளையும் அரசு மறுபடி எண்ண வேண்டும். ஒரு ஜீப், இரண்டு உதவிப் பொறியாளர்கள், ஒரு நாளைக்குப் பத்துக் கிணறு என்றால் 47 நாள் வேலை. எது தேறியது, எது தேறவில்லை, எது தூர்ந்தே போனது என்று தமிழில் எழுதி அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். பிறகு வருஷா வருஷம்.

இரண்டு. காலி நாற்காலிகளை நிரப்ப வேண்டும். காலியாக வைத்துவிட்டு, ஆள் இல்லை, அதனால் தனியார் என்று சொல்வது, வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு வெயில் அடிக்கிறதே என்பது மாதிரி.

மூன்று. தணிக்கையாளரின் சம்பளம் பொது நிதியிலிருந்து. தொழிற்சாலைகள் அந்த நிதிக்குக் கட்டட்டும், தணிக்கையாளரின் கையில் கொடுக்க வேண்டாம். திடீர் மறுசோதனையும் கட்டாயம்.

நான்கு. வாரிய இன்ஜினீயருக்கு ஓர் ஊரில் இத்தனை வருஷம் என்று உறுதி வேண்டும். நடுவில் மாற்றினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

இதில் எதற்கும் கோடி கோடியாகப் பணம் தேவையில்லை. எதிராளியைச் சம்பாதித்துக்கொள்ளும் துணிச்சல் தேவை.

அரசாங்கம் செய்யும்வரை சும்மா இருக்க வேண்டாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்த இசைவாணையின் நிபந்தனைகள் என்ன? கடைசியாக எப்போது சேம்பிள் எடுத்தார்கள்? ரிசல்ட் என்ன? 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எண்ணவே இல்லை என்றால், எண்ணவில்லை என்றாவது எழுத்தில் வரும். தாமதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதே வேலூர் வழக்கு சாட்சி. 1996 தீர்ப்பின் தொடர்ச்சியாகக் கிளம்பிய இழப்பீட்டு விவகாரத்தில், எல்லோருக்கும் பணம் போய்ச் சேர வழி செய்யுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவு போட்டது 2025 ஜனவரி 30-ல்.

கல்யாண மண்டபத்தில் என்னைக் கேட்ட தம்பிக்கு: வேலை நிச்சயம் இருக்கிறது. எந்த நாற்காலி கிடைத்தாலும் உட்காருங்கள். உட்காரும் முன் ஒரே ஒரு விஷயம் விசாரித்துக்கொள்ளுங்கள், மாதச் சம்பளம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்று. அப்புறம், அந்த மண்டபத்துக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஒரு லேபில் கொடுத்துப் பாருங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் அந்த எண்ணைப் போடுகிறேன்.